வாய்ப்புண்ணும் குடலும்: அங்கே கூடியிருப்பது யார்?

வாயில் புண் என்று சொன்னால் போதும், பக்கத்தில் இருக்கும் யாராவது "வயிற்றில் புண் இருக்கும், அதுதான் வாயில் வருகிறது" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது தவறு. பல் பட்டுக் கன்னம் கிழிந்திருக்கும், இரும்புச்சத்து குறைந்திருக்கும், இல்லையென்றால் காரணமே தெரியாமல் வந்து பத்துப் பதினைந்து நாளில் தானாகவே போய்விடும். ஆனால் கிரோன் நோய் மாதிரியான குடல் அழற்சி உள்ள ஒரு சிலருக்கு மட்டும் அந்தப் பழைய பேச்சு உண்மையாகிவிடுகிறது, அதுவும் சொன்னவர்கள் நினைத்த விதத்தில் இல்லை. வயிற்றுப் புண் மேலே ஏறி வாய்க்கு வருவதில்லை; வாயிலும் குடலிலும் ஒரே வகை வெள்ளணுக்கள் ஒரே வகைத் தவறைச் செய்துகொண்டிருக்கின்றன. சிலருக்கு வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், குடல் வெகுநாள் கழித்துத்தான் வாய் திறக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உதட்டிலிருந்து ஆசனவாய் வரைக்கும் ஒரே குழாய். மேல் முனையைப் பல் டாக்டரும் மீதியைக் குடல் டாக்டரும் பார்ப்பது நம் வசதிக்காக நாம் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினை, குழாய்க்கு அது தெரியாது. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது, அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறோம், கூடவே வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் கோடிக்கணக்கில் கீழே போகின்றன. மனித வாயில் 700-க்கு மேற்பட்ட பாக்டீரியா இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள் (ஒருவர் வாயிலேயே அத்தனையும் இருக்காது, பயப்பட வேண்டாம்). பெரும்பாலானவை வயிற்று அமிலத்தில் செத்துவிடும். தப்பிப் போகிறவைக்கும் குடலில் இடம் கிடைக்காது, அங்கே ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாக்கள் விடாது. இது சாதாரண நாளில். சாதாரணமில்லாத நாளில் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சுவர் மட்டும் இரண்டு இடத்திலும் வேறு வேறு. வாயின் உள்தோல் பல அடுக்கு, சூடு, கடி, உரசல் எல்லாவற்றையும் தாங்க வேண்டுமே. குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான், உறிஞ்சும் வேலைக்கு அப்படித்தான் இருந்தாக வேண்டும், அதனால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் அது தேய்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு சுவருக்கும் அடியில்தான் நம் கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள்.

வெள்ளணுக்களைப் பற்றி எழுதினாலே படை, போர், எதிரி என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்த உவமை இங்கே ஒத்துவரவில்லை, ஏனென்றால் இந்த நோய்களில் பெரும்பாலும் எதிரி என்று சொல்ல ஆளே இல்லை. வேறு மாதிரி பார்ப்போம். ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது, நிற்பவர்கள் யார் யார் என்று பார்த்தாலே கல்யாண வீடா துக்க வீடா என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும் அல்லவா? வாயில் வீங்கிய இடத்திலிருந்து துளித் திசுவை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் டாக்டரும் அதைத்தான் செய்கிறார். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே வீக்கம். உள்ளே கூடியிருப்பது யார் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் நியூட்ரோபில். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து ரத்தத்தில் இறக்குகிறது. ஆயுள் குறைவு, அவசரம் அதிகம்: வரும், கிடைத்ததை விழுங்கும், தன் கையிலிருக்கும் காரமான நொதிகளைக் கொட்டும், சாகும். சீழ் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இவற்றின் சடலங்கள்தான். ஆரோக்கியமான வாயில்கூடப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய இடுக்கு வழியாக இவை ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது மேக்ரோபேஜ், பெயருக்கு ஏற்ற மாதிரி பெரிய விழுங்கி. 1882-இல் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, அடுத்த நாள் பார்த்தபோது அந்த முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல் என்ற எண்ணமே அங்கிருந்துதான் பிறந்தது, 1908-இல் நோபல் பரிசும் வாங்கிக்கொடுத்தது. அந்த முள்ளை ஞாபகத்தில் வையுங்கள், கிரானுலோமா என்ற செல் உருண்டையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

டென்ட்ரைட்டிக் செல் கிளை கிளையாகக் கை நீட்டிச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். கிடைத்த பொருளில் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க்கணுவுக்குப் போய், அங்கே இருக்கும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவிடம் காட்டும். "இதைத் தெரியுமா?" என்று கேட்கிற வேலை. தெரியும் என்று சொல்லும் டி செல் பெருகி, எந்தத் திசுவிலிருந்து செய்தி வந்ததோ அங்கே திரும்பிப் போகும். போகிற டி செல் எந்த வகை என்பது முக்கியம். டிஎச்1 என்ற வகை இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரந்து மேக்ரோபேஜை முறுக்கேற்றும். டிஎச்17 என்ற வகை ஐஎல்-17 என்ற இன்னொரு செய்திப் புரதத்தைச் சுரந்து நியூட்ரோபில்களைக் கூப்பிடும். பி செல்லின் வேலை ஆன்டிபாடி செய்வது, வாயிலும் குடலிலும் பெரும்பாலும் ஐஜிஏ என்ற வகை. அப்புறம் மாஸ்ட் செல், இயோசினோபில் என்று அலர்ஜிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். இவ்வளவு போதும்.

குடல் பக்கம் இரண்டு நோய்களின் பெயர் தெரிந்தால் போதும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலில் தொடர்ச்சியாக மேலே பரவும், உள்படலத்தோடு நின்றுகொள்ளும். கிரோன் நோய் அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. 1932-இல் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் அதைப் பற்றி எழுதியபோது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் வருகிற நோய் என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, வாயிலிருந்து ஆசனவாய் வரை அது எங்கே வேண்டுமானாலும் வரும், நடுவில் நல்ல குடலை விட்டுவிட்டுத் தாவித் தாவி வரும், சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். 1960-களின் கடைசியில்தான் வாயிலும் கிரோன் நோய் என்று மருத்துவ இதழ்களில் எழுத ஆரம்பித்தார்கள்.

சரி, வாய்க்குள் அது எப்படி இருக்கும்? சாதாரண வாய்ப்புண்ணை எல்லோரும் பார்த்திருப்போம். வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம், சுற்றிலும் சிவப்பு வளையம், உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் அடி என்று மென்மையான இடத்தில் வரும். கிரோன் நோயின் புண் வேறு இடத்தைத் தேடிப் போகும்: உதட்டைக் கையால் இழுத்தால் ஈறும் கன்னமும் சேரும் ஒரு பள்ளம் தெரிகிறதே, அந்த மடிப்பின் அடியில், கத்தியால் கீறின மாதிரி நீளமாக, ஆழமாக, ஓரம் தடித்து மேடாக இருக்கும். வாரக்கணக்கில் ஆறாது. கன்னத்தின் உள்பக்கம் கூழாங்கல் பதித்த தரை மாதிரி மேடு மேடாகும், நடுநடுவே வெடிப்பு. சில இடத்தில் தோல் நூல் நூலாகத் தொங்கும். ஈறு முழுக்கப் பல்லின் ஓரத்தைத் தாண்டியும் சிவந்து தடிக்கும். இதெல்லாவற்றையும்விடக் கண்ணில் படுவது உதடு: ஒரு பக்கமோ முழுவதுமோ வீங்கும், முதலில் வந்து வந்து போகும், அப்புறம் போகாமலே தங்கிவிடும், தொட்டால் ரப்பர் மாதிரி, நடுவில் நெடுக்காக ஒரு வெடிப்பு. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும்தான் இப்படி வருவது அதிகம்.

அந்த உதட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்கலாம். பயாப்ஸியை மேலோட்டமாக எடுத்தால் ஒன்றும் கிடைக்காது, தசை வரைக்கும் ஆழமாகப் போக வேண்டும், ஏனென்றால் நாம் தேடுவது கீழே ஒளிந்திருக்கிறது. வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பிறகு பார்த்தால், தளர்வான இளஞ்சிவப்புத் திசுவுக்கு நடுவில் ஓர் உருண்டை தெரியும். நடுவில் வெளிறிய, கொழுத்த செல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இவை மேக்ரோபேஜ்கள்தான், ஆனால் அலைந்து திரியும் வேலையை விட்டுவிட்டு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு சுவராகிவிட்டவை. சில இடத்தில் பல மேக்ரோபேஜ்கள் ஒன்றாகக் கரைந்து ஒரே ராட்சத செல்லாகியிருக்கும், அதற்குள் பத்து இருபது உட்கருக்கள், சில சமயம் குதிரை லாடம் மாதிரி வளைந்த வரிசையில். இதைச் சுற்றிக் கருநீலப் புள்ளிகளாக டி செல்கள் வேலி கட்டியிருக்கும். இந்த மொத்த உருண்டைக்குத்தான் கிரானுலோமா என்று பெயர்.

(குதிரை லாட உட்கரு கொண்ட அந்த ராட்சத செல்லை 1868-இல் விவரித்தவர் லாங்ஹான்ஸ். அதே 1868-இல் தோலில் இருக்கும் ஒருவகைக் கிளைச் செல்லை விவரித்து, அதை நரம்பு என்று தப்பாக நினைத்துக்கொண்டவர் லாங்கர்ஹான்ஸ். இரண்டு பேரும் ஜெர்மானியர்கள், இரண்டு பேர் பெயரிலும் செல் இருக்கிறது, இரண்டுமே வாயில் வரும். மாணவர்களைப் பழிவாங்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.)

கிரானுலோமா ஏன் உண்டாகிறது? மெட்ச்னிகாஃபின் முள்தான் விடை. விழுங்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது என்ற நிலையில் மேக்ரோபேஜ் செய்யும் கடைசி ஏற்பாடு, சுற்றி வளைத்துப் பூட்டிவைப்பது. மேக்ரோபேஜ் ஐஎல்-12 என்ற செய்தியை அனுப்பும், அதைக் கேட்டு டி செல் டிஎச்1 வகையாக மாறி இன்டர்ஃபெரான் காமாவைத் திருப்பி அனுப்பும், அதைக் கேட்டு மேக்ரோபேஜ் இன்னும் முறுக்கேறி டிஎன்எஃப் என்ற வேறொரு செய்திப் புரதத்தைச் சுரக்கும், அந்த டிஎன்எஃப்தான் உருண்டை கலையாமல் பிடித்து வைத்திருக்கும் சாந்து. ஒருவரையொருவர் உசுப்பேற்றிக்கொண்டே இருக்கும் இரண்டு பேர் மாதிரி, நிறுத்த யாரும் இல்லை. காசநோயில் இந்த வளையத்துக்குள் உண்மையிலேயே ஒரு கிருமி இருக்கிறது, நடுப்பகுதி பாலாடைக்கட்டி மாதிரி நொறுங்கிப் போயிருக்கும். கிரோன் நோயில் நடுப்பகுதி நொறுங்குவதில்லை. உள்ளே குற்றவாளி என்று கைகாட்ட யாரும் அகப்படுவதுமில்லை.

விழுங்கியதை அழிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. கிரானுலோமாவின் பெயரையே தாங்கிய ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. அதில் நியூட்ரோபில்லும் மேக்ரோபேஜும் விழுங்கும், ஆனால் விழுங்கியதைக் கொல்லத் தேவையான ஆக்சிஜன் ரசாயனத்தைச் செய்ய முடியாது. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் குடலில் வரும் நோய் அப்படியே கிரோன் நோய் மாதிரி இருக்கும், வாயிலும் புண் வரும். இன்னொரு துப்பு 2001-இல் கிடைத்தது: கிரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணு, நாட்2. அது என்ன செய்கிறது என்று பார்த்தால், பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை உணர்ந்து சொல்லும் வேலை. ஆக, எதிர்ப்புச் சக்தி "அதிகமாகி" வரும் நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முதல் வேலையைச் சரியாக முடிக்காததால் இரண்டாவது வேலை முடிவில்லாமல் நீளுகிறது என்பதுதான் எனக்கு நெருக்கமாகப் படும் விளக்கம்.

உதடு வீங்குவதற்கும் இந்த உருண்டைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிரானுலோமாக்கள் நிணநீர்க் குழாய்களுக்குப் பக்கத்திலும் சில சமயம் உள்ளேயும் உட்கார்ந்துகொள்ளும். திசுவில் தேங்கும் நீர் வடிய வேண்டிய வாய்க்கால் அடைபட்டால் வீக்கம்தானே. முதலில் அலர்ஜி வீக்கம் மாதிரி வந்து போவதும், அப்புறம் தழும்பு கட்டி நிரந்தரமாகத் தங்குவதும் இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பம் வருகிறது. இதே உதடு, இதே கிரானுலோமா, ஆனால் குடலில் ஒன்றுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 1985-இல் வாய்முகக் கிரானுலோமாட்டோசிஸ் என்று ஒரு பொதுப்பெயர் வைத்தார்கள். (அதற்கு முன்பே 1928-இல் மெல்கர்சன், 1931-இல் ரோசந்தால் என்று இருவர், உதடு வீக்கம், முகவாதம், வெடித்த நாக்கு மூன்றும் சேர்ந்து வருவதை எழுதியிருந்தார்கள், இதே குடும்பம்தான்.) இந்தப் பெயர் வாங்கிய சிறுவர்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுமார் 40 சதவீதத்தினருக்குக் கிரோன் நோயும் இருந்தது. அப்படியானால் மற்றவர்களுக்கு இருப்பது கிரோன் நோயின் ஆரம்பமா, வேறு நோயா?

கூட்டத்தில் நிற்பவர்களைப் பார்ப்பது இங்கேதான் கைகொடுத்தது. 2010-இல் லண்டன் ஆய்வாளர்கள், குடல் நோய் உள்ளவர்களின் வாய்த் திசுவையும் இல்லாதவர்களின் வாய்த் திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றிப் பார்த்தார்கள். குடல் நோய் இல்லாதவர்களிடம் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு விசித்திரமான செல் தட்டுப்பட்டது: அடையாளக் குறிகளெல்லாம் பி செல்லுடையது, உருவமோ டென்ட்ரைட்டிக் செல் மாதிரி கை நீட்டிக்கொண்டு, மேலே ஐஜிஇ ஆன்டிபாடியோடு. ஐஜிஇ என்றால் அலர்ஜி வீட்டு ஆள். இந்த நோயாளிகளில் அலர்ஜி உள்ளவர்கள் அதிகம் என்பது முன்பே தெரிந்ததுதான், லவங்கப்பட்டையும் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் இல்லாத உணவைச் சுமார் 12 வாரம் சாப்பிட்டால் ஒரு பகுதியினருக்கு உதடு வற்றுகிறது என்பதும் தெரிந்ததுதான். அந்த இரண்டையும் கோக்கும் ஊசியாக இந்த செல் வந்து சேர்ந்தது. வெளியே ஒரே மாதிரி உதடு. உள்ளே ஒரு கூட்டத்தை நடத்துவது அலர்ஜி, இன்னொன்றை நடத்துவது குடலோடு சேர்ந்த டிஎச்1. உணவை மாற்றிப் பார்ப்பது முதல் சிகிச்சையாக இருப்பதும், எல்லோருக்கும் அது பலிக்காததும், இதை வைத்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பக்கம் வாய் அவ்வளவாகப் பேசாது, ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பயோஸ்டொமாட்டைட்டிஸ் வெஜிடன்ஸ் என்று 1949-இல் பெயர் வைக்கப்பட்ட அபூர்வமான நோய். ஈறிலும் உதட்டிலும் மஞ்சள் நிறச் சிறு சீழ்க் கொப்புளங்கள், உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். பார்க்கக் கிருமித் தொற்று மாதிரியே இருக்கும், ஆனால் பயாப்ஸியில் மேல்தோலுக்கு உள்ளேயும் கீழேயும் பொட்டலம் பொட்டலமாக இயோசினோபில்லும் நியூட்ரோபில்லும். ரத்தத்திலும் இயோசினோபில் ஏறியிருக்கலாம். இதைப் பார்த்துவிட்டால் குடலைப் பார்க்காமல் விடக்கூடாது.

இனி ஈறுக்கு வருவோம், முதலில் பாக்கி வைத்த விஷயம் இங்கேதான். ஈறு நோய் அபூர்வமானதில்லை, ரொம்பப் பேருக்கு இருக்கிறது. அது குடலை எப்படித் தொடும்? 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு எலிகளின் பல்லைச் சுற்றி நூல் கட்டி ஈறு நோயை உண்டாக்கியது. வாயில் கிளெப்சியெல்லா, என்டரோபேக்டர் மாதிரியான பாக்டீரியாக்கள் பெருகின. நல்ல குடல் உள்ள எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. குடல் ஏற்கெனவே புண்ணாகி, துண்டு போட்டு உட்கார்ந்திருந்த பாக்டீரியாக்கள் கலைந்து போயிருந்த எலியில் மட்டும், விழுங்கப்பட்ட வாய்ப் பாக்டீரியா அங்கே இடம் பிடித்து, மேக்ரோபேஜிடம் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்தியைச் சுரக்கவைத்து, நோயை மோசமாக்கியது. இதே கிளெப்சியெல்லாவின் ஒரு வகையை ஒரு கிரோன் நோயாளியின் உமிழ்நீரிலிருந்து எடுத்து, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குள் விட்டபோது குடலில் டிஎச்1 செல்கள் பெருகியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இலேயே காட்டியிருந்தார்கள்.

மிச்சிகன் சோதனையில் பாக்டீரியா மட்டும் பயணம் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஈறு நோயில் அந்தப் பாக்டீரியாக்களைப் பார்த்துப் பழகிய டிஎச்17 செல்களும் தனி வழியில் குடலுக்குப் போய்ச் சேர்ந்தன. ரத்தத்தில் மிதக்கும் டி செல்லுக்கு எங்கே இறங்குவது என்று எப்படித் தெரியும்? அதன் மேல்பரப்பில் ஒரு புரதம் விலாசம் மாதிரி இருக்கும். ஆல்ஃபா4பீட்டா7 என்ற புரதம் இருந்தால் குடலின் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டிக்கொண்டு அங்கே இறங்கிவிடும். ஈறில் உருவான டிஎச்17 செல்களிடம் அந்தக் குடல் விலாசம் இருந்தது. இறங்கிய இடத்தில் தனக்குத் தெரிந்த வாய்ப் பாக்டீரியாவும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தால், அப்புறம் கேட்கவா வேண்டும். தெரிந்த முகம் இல்லையென்றால் அது சும்மா இருந்துவிடும். எலியில் பார்த்தது எல்லாமே மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் குடல் நோய் உள்ளவர்களிடம் ஈறு நோய் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

அப்படியானால் ஐஎல்-17-ஐ அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அப்படித்தான் நினைத்து, செக்குகினுமாப் என்ற ஐஎல்-17 தடுப்பு மருந்தைக் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது: பலன் இல்லை, மருந்து போல வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட மோசம். ஐஎல்-17 நியூட்ரோபில்லைக் கூப்பிடுவது மட்டுமில்லை, சுவரைப் பழுதுபார்ப்பதும் பூஞ்சையை ஒடுக்குவதும் அதன் வேலை. ஐஎல்-17 பாதையில் பிறவிக் குறை உள்ளவர்களுக்கு வாயில் வெண்பூஞ்சை தீராமல் வருவது அதனால்தான்.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. பிறவியிலேயே நியூட்ரோபில் ரத்தக்குழாயை விட்டு வெளியே வர முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். ஈறில் நியூட்ரோபில்லே இல்லை, அப்படியானால் ஈறு அமைதியாக இருக்க வேண்டுமே? மாறாக ஈறு கடுமையாக அழிந்து சின்ன வயதிலேயே பல் ஆடி விழும். பாக்டீரியாவைத் தடுக்க ஆளில்லை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நடப்பது, நியூட்ரோபில் வந்து சேர்ந்ததும் "போதும்" என்று கூப்பாடு நிற்க வேண்டும், வராததால் ஐஎல்-23-உம் ஐஎல்-17-உம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன, அந்தக் கூப்பாடே எலும்பைத் தின்கிறது. 2017-இல் அப்படிப்பட்ட ஒரு நோயாளிக்கு உஸ்டெகினுமாப் என்ற, ஐஎல்-12-ஐயும் ஐஎல்-23-ஐயும் அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது ஈறு தேறியதாக எழுதினார்கள். கிரோன் நோய்க்குப் பயன்படும் மருந்தும் அதுதான்.

மற்ற மருந்துகளையும் இதே கண்ணால் பார்த்தால் ஓரளவு புரியும். இன்ஃப்ளிக்சிமாப் டிஎன்எஃப்பை அடைக்கிறது, அதாவது கிரானுலோமாவின் சாந்தைக் கரைக்கிறது, அதனால் வாயிலும் குடலிலும் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. 1998-இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி கிடைத்தது. சில வருஷத்திலேயே, பழைய காசநோய்க் கிருமியைப் பூட்டி வைத்திருந்த கிரானுலோமாவும் சேர்ந்து உடைகிறது என்று தெரிந்தது, இப்போது காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் அந்த ஊசியைத் தொடுவதில்லை. வெடோலிசுமாப் வேறு தந்திரம், மேலே சொன்ன ஆல்ஃபா4பீட்டா7 விலாசத்தை மூடிவிடும், டி செல் குடலில் இறங்க முடியாது. குடலுக்கென்றே செய்த மருந்து, எனவே உதட்டு வீக்கத்துக்கு அதைப் பெரிதாக நம்ப முடியாது. ஸ்டீராய்டு களிம்போ வாய் கொப்பளிக்கும் திரவமோ எல்லாக் கூட்டத்தையும் கொஞ்ச நேரம் கலைத்துவிடும், யார் வந்திருந்தார்கள் என்று பார்க்காமலே. அதனால்தான் முடிந்தால் முதலில் பயாப்ஸி, அப்புறம் களிம்பு என்பார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். குடல் நோய் உள்ள ஒருவருக்கு வாயில் வரும் எல்லாப் புண்ணும் இந்த வகை இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தால் பி12 உறிஞ்சப்படாது, ரத்தக் கசிவில் இரும்புச்சத்து போகும், ஃபோலேட் குறையும். நாக்கு வழவழவென்று சிவந்து, சாதாரணப் புண் அடிக்கடி வரும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தாலும் வரும். அங்கெல்லாம் கிரானுலோமா தேடிப் பயனில்லை, ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும். அதேபோல் வாய்ப்புண்ணும் குடல் தொல்லையும் சேர்ந்து வந்தாலே கிரோன் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய் இருக்கிறது, 1937-இல் துருக்கி மருத்துவர் பெஹ்செட் விவரித்த நோய் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வந்து வந்து கடைசியில் தங்கிவிட்ட உதட்டு வீக்கம், இந்த இரண்டுக்கும் ஒருவரிடம் காட்டத்தான் வேண்டும். நல்ல பல் டாக்டராக இருந்தால் வாயைப் பார்த்துக்கொண்டே வேறு எதையோ கேட்பார்: எடை குறைகிறதா, பையன் ஒரு வருஷமாக உயரமே ஏறவில்லையா, வயிற்றுப்போக்கு உண்டா, ஆசனவாயில் வெடிப்பு இருந்ததா. அப்புறம் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்வார். உதடு வீங்கியதற்கு மலத்தில் என்ன இருக்கிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதில் தேடுவது கால்ப்ரோடெக்டின் என்ற புரதம், நியூட்ரோபில்லின் சாற்றில் உள்ள புரதத்தில் பாதியளவுக்கு அதுதான். குடலில் நியூட்ரோபில்கள் கூடிச் செத்துக்கொண்டிருந்தால் அது சிதையாமல் மலத்தோடு வெளியே வரும். இந்த அளவு ஏறியிருந்தால் அடுத்தது கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. ஏறவில்லையென்றால் லவங்கப்பட்டை இல்லாத 12 வாரத்தை முதலில் பார்த்துக்கொள்ளலாம், வயிறு ஏதாவது சொல்கிறதா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே.